நாலாயிரத்துத் தொள்ளாயிரம் அச்சப்பம்

இந்த வருஷமும் அச்சப்பம் சுட என்னால் ஆகாது கர்த்தாவே, போன வருஷம் சுட்டதே ஊருக்குப் போதும் என்று குளோரி மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் மடியில் கவர் வந்து விழுந்தது.

வெள்ளைக் கவர். அதன் மேல் நீல மையில் 'தாலந்து' என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு நூறு ரூபாய் நோட்டு. நெட்டப்பனைவிளைச் சபையில் வருஷந்தோறும் நடக்கிற காரியம் இது. குடும்பத்துக்கு ஒரு கவர் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த நூறு ரூபாயை அவரவர் திறமையால் பெருக்கி, அறுப்பின் பண்டிகையன்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். தாலந்து என்பது பழங்காலத்து நாணயம். சபையில் திறமைக்கும் அதுதான் பெயர். ஒரே சொல்லில் காசும் திறமையும் அடங்கிவிடுவதால் பிரசங்கம் செய்கிறவர்களுக்கு ரொம்ப வசதி.

போன வருஷம் குளோரி அச்சப்பம் சுட்டாள். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டால், பூவாக விரிந்து தானாகக் கழன்று விழ வேண்டும். அவளுடைய மாவு அச்சை விட்டு இறங்கவே இல்லை. கத்தியால் சுரண்டியதில் வந்தது அச்சப்பமும் இல்லை, அப்பமும் இல்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் மரியாதைக்கு ஒன்றைத் தின்றது. கடைசியில் மஸ்கட்டிலிருந்து புருஷன் ஜான்ரோஸ் அனுப்பிய பணத்தில் நூற்று முப்பது ரூபாயை எடுத்துக் கவரில் வைத்துக் கொடுத்தாள்.

சபையில் பாதிப் பேர் செய்வது அதுதான். பெண்கள் சங்கத் தலைவி சத்தியபாய் சுட்ட அச்சப்பத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்குவாள். அவள் போட்ட ஊறுகாயைச் சத்தியபாய் வாங்குவாள். இரண்டு பேருக்கும் பணம் வருவது வளைகுடாவிலிருந்து. தாலந்து இப்படியாகப் பெருகிக்கொண்டிருந்தது.

குளோரிக்கு வேறொரு திறமை இருந்தது. ஆனால் அதற்குத் திறமை என்று பெயர் உண்டு என்பது அவளுக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன் கருங்கல் பக்கத்தில் ஓர் அண்டியாபீசில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை, அதை உடைக்கிற ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தரம் பிரிக்கிற மேசை அவளுடையது. பால் வெள்ளை, தந்த வெள்ளை, லேசாக வாட்டம் பட்டது, சுட்டது, பாதி, நுறுக்கு என்று பருப்பு குவிந்துகொண்டே இருக்கும். கண் பார்த்து முடிப்பதற்குள் கை பிரித்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிவது அவளுக்கு ஐந்து வெள்ளையாகத் தெரியும். ஆலைப் பதிவேட்டில் அவள் பெயர் 'பெண் ஆள் 17'. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் 'இல்லத்தரசி'. அந்த ஐந்து வெள்ளைகளும் கண்ணுக்குள் அப்படியே கிடந்தன. யாருக்கு வேண்டும்?

இரண்டாயிரத்து எட்டில் ஜான்ரோஸ் லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தான். முகம் பார்த்துப் பேசலாம் என்றான். பேச என்ன இருக்கிறது, தினமும் அதே பேச்சுதான். அதனால் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம் இருந்தது. ஆளுக்கொரு பொம்மை எடுத்துக்கொண்டு அதற்குள் நடமாடலாம். அங்கே வீடு உண்டு, கடை உண்டு, கடற்கரை உண்டு. அரைமணி நேரத்தில் பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய கடல் இருக்கும்போது எதற்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கடல் என்று குளோரிக்குத் தோன்றியது. ஆனால் இந்தக் கடற்கரையில் ஜான்ரோஸ் பக்கத்தில் நடந்தான். ஆகவே அவளும் நடந்தாள்.

ஒரு நாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவள் தனியாக நடந்து, கடற்கரையை அடுத்திருந்த மண்டபத்துக்குள் போனாள். மேசை மேசையாகப் பொம்மைகள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தன. எதிரெதிரே இரண்டு பேர். மேலேயிருந்து கற்கள் விழும். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமுள்ள நிறங்கள். தரைக்கு வருவதற்குள் இனம் பிரித்துக் கூடையில் போட வேண்டும். முதலில் தப்பு செய்பவர் தோற்றார். ஆளுக்குக் கொஞ்சம் அவ்வுலகத்துக் காசு கட்டி உட்கார வேண்டும். ஜெயித்தவருக்கு இரண்டு பங்கும். அந்தக் காசை நம் காசாக மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது.

குளோரி நான்கு நாள் நின்று பார்த்தாள். ஐந்தாம் நாள், அட, இது அண்டியல்லவா என்று நினைத்தாள்.

அந்தக் கவர் கையில் வந்தபோது அவளுக்கு யோசிக்க அதிகம் இருக்கவில்லை. நூறு ரூபாய்க்குச் சரியான காசை ஜான்ரோஸ் தன் கார்டு வழியாகப் போட்டுக் கொடுத்தான். வேறு பைசா போடக்கூடாது என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். பகலில் சமையல் முடிந்து, மகள் ஷைஜா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஆடினாள். சில நாள் தோற்றாள். தலைவலியோடு ஆடினால் தோற்போம் என்று தெரிந்துகொண்டு அந்த நாட்களில் ஆடாமல் இருந்தாள். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் ஜான்ரோஸ் காசாக்கி அனுப்பியது ஏழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். முழுவதையும் கவரில் வைத்தாள். கவர் ஒட்டவில்லை. நூல் போட்டுக் கட்டினாள்.

சபையில் அதுவரை அதிகபட்சத் தாலந்து எண்ணூறு ரூபாய். இளம் போதகர் பிரைட்டன் தொகையை வாசித்துவிட்டு, மறுபடியும் வாசித்தார். குளோரியை முன்னால் வரச்சொல்லி, எப்படிப் பெருக்கினீர்கள் என்று சாட்சி சொல்லச் சொன்னார். அவள் வாழ்க்கையில் 'எப்படிச் செய்தாய்' என்று மைக்கில் கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை. அண்டியாபீசில் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

"கம்ப்யூட்டர்ல கல்லு பெறக்கி வெளையாடுனேன் பாஸ்டர்," என்றாள்.

மைக் நல்ல மைக். 'வெளையாடுனேன்' கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பி வந்தது.

அன்று மாலையே கமிட்டி கூடியது. செயலாளர் ஞானதாசன் மின்வாரியத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதப்படாத எதுவும் நடந்ததாகாது என்பது அவர் கொள்கை. விளையாடிச் சம்பாதித்தது அதிர்ஷ்டமா திறமையா என்பதுதான் கேள்வி. அதிர்ஷ்டம் என்றால் சூது. சூது என்றால் பாவம். திறமை என்றால் என்ன என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை. விசாரிக்க மூன்று பேர் கொண்ட துணைக் கமிட்டி அமைக்கத் தீர்மானமாயிற்று. மூன்று பேர் யார் என்பதைத் திருவுளச்சீட்டு போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கி எடுப்பது சபை வழக்கம். அதில் ஞானதாசன் பெயர் பதினொரு வருஷமாகத் தவறியதே இல்லை. கர்த்தருக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம். அவரோடு சத்தியபாயும் பொருளாளர் சிலுவைதாசனும் விழுந்தார்கள்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மூவரும் குளோரி வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். குளோரி தேயிலைத் தண்ணீரும் மிக்சரும் வைத்தாள். திரையில் அவளுடைய பொம்மை கடற்கரையில் நின்றது.

சத்தியபாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பிள்ளே, ஒன் பொம்மை முட்டுக்கு மேலல்லா உடுத்திருக்கு. இந்தக் கோலத்துல நின்னா ஒன் கவர் பணத்த சம்பாதிச்ச?"

அங்கே இலவசமாகக் கிடைப்பது அந்த உடுப்புதான் என்று குளோரி விளக்கினாள். அந்த விளக்கம் ஏற்கப்படவில்லை. தேடிப் பிடித்து ஒரு நீள அங்கியை எடுத்து மாட்டினாள். பொம்மை இப்போது பாடகர் குழுவில் சேர்ந்தது போல ஆகிவிட்டது. சத்தியபாய் திருப்தியடைந்து மிக்சரைக் கையில் எடுத்தார்.

அடுத்த கேள்வி பெயர். பொம்மையின் தலைக்கு மேல் 'குளோரி மூன்கேட்' என்று மிதந்துகொண்டிருந்தது. முதல் பெயர் நம் விருப்பம், குடும்பப் பெயரை மட்டும் அவர்கள் தரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று குளோரி சொன்னாள். ஞானதாசன் நோட்டில் எழுதிக்கொண்டே, மூன்கேட் குடும்பம் எந்தச் சேகரத்துச் சபையில் இருக்கிறது, ஞானஸ்நானம் எங்கே கொடுத்தது, சபை மாற்றுக் கடிதம் உண்டா என்று கேட்டார். பொம்மைக்கு ஞானஸ்நானம் இல்லை என்றாள் குளோரி. அப்படியானால் தாலந்துக் கவர் பெறும் தகுதி அதற்கு இல்லையே என்றார் அவர். கவர் வாங்கியது நான் என்றாள். ஆடியது யார் என்றார். குளோரி திரையின் பக்கம் திரும்பினாள். அங்கி போட்ட பொம்மையைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. இரண்டு பேரில் யாரை இவர்கள் உட்கார வைத்து விசாரிக்கிறார்கள் என்று தோன்றியது.

பிறகு சோதனை நடந்தது. முறையை வகுத்தவர் ஞானதாசன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டும். ஜெயித்தால் அதிர்ஷ்டம். குளோரி கண்ணை மூடிக்கொண்டு ஆடித் தோற்றாள். மூன்று தடவை தோற்றாள். பிறகு கண்ணைத் திறந்து ஆடினாள். மூன்று தடவையும் ஜெயித்தாள். ஞானதாசன் எழுதுவதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஜெபத்துக்கு நாம் கண்ணை மூடுகிறோம். இது கண்ணைத் திறந்தால்தான் நடக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம்," என்று சொல்லி, அதையும் எழுதிக்கொண்டார்.

சிலுவைதாசன் ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டுமா என்று கூச்சத்தோடு கேட்டார். விசாரணைக்காகத்தான் என்றார். தோற்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தோற்றார். மற்ற இருவரும் எழுந்து போன பிறகும் அவர் நகரவில்லை. "ஒரு தடவ கூடி மக்கா, இப்போ கண்ணுக்குப் பிடிபட்டு வருவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்குக் கரண்டு போனதுதான் அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தது.

துணைக் கமிட்டியின் அறிக்கை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. 'மேற்படி விளையாட்டில் அதிர்ஷ்டம் ஏதும் இல்லை என்று கமிட்டி வருத்தத்தோடு தெரிவிக்கிறது' என்று அது தொடங்கியது. வருத்தம் நியாயம்தான். அதிர்ஷ்டமாக இருந்தால் சூது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

திறமைதான் என்றால் தாலந்துதானே, பிறகு என்ன என்று போதகர் பிரைட்டன் மெதுவாகக் கேட்டார். ஞானதாசன் எழுந்து நின்றார்.

"பாஸ்டர் வயதில் சிறியவர். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நம்முடைய கோபுர நிதிப் பரிசுக் கூப்பனை எடுத்துக்கொள்வோம். அதைக் குலுக்கும்போது மனுஷனுக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாம் கர்த்தருடைய சித்தம். போன வருஷம் கிரைண்டர் என் மருமகளுக்கு விழுந்தது. அது அவளுடைய திறமை என்று யாராவது சொல்ல முடியுமா? அதற்கு முந்தின வருஷம் எனக்கே இஸ்திரிப்பெட்டி விழுந்தது. எனக்கு என்ன திறமை இருக்கிறது? ஒன்றுமில்லை. அதில் தாழ்மை இருக்கிறது. இந்தச் சகோதரியோ தன் கண்ணாலும் தன் கையாலும் ஜெயித்திருக்கிறார். இன்றைக்குத் தானே ஜெயித்தவர், நாளைக்குக் கமிட்டியைக் கேள்வி கேட்பார்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த குளோரிக்கும் தலை ஆடிவிட்டது. பழக்கம்தான். ஆடிய பிறகுதான் என்ன சொன்னார் என்று யோசித்தாள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு வழியில்லை. புதுக் கோபுரத்தின் மேல் வைக்கிற சிலுவை தக்கலையில் தயாராகிக்கொண்டிருந்தது. ஏழாயிரத்து முந்நூற்றைம்பதும் முன்பணமாகப் போய், சிலுவையின் இடது கை வரை வந்துவிட்டது. அடுத்த மாதம் பேராயத்திலிருந்து தணிக்கைக்காரர் வருவார். தாலந்துப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். அந்தப் பதிவேட்டின் பத்திகளை என்றைக்கோ யாரோ அச்சடித்து வைத்திருந்தார்கள்: அச்சப்பம், முறுக்கு, ஊறுகாய், கோழி, வாழைக்குலை, இதர. 'இதர'வில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எழுதக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் ஞானதாசனுடைய தகப்பனார்.

ஆக, குளோரியின் தாலந்தை அச்சப்பத்தில் எழுதுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

ஒன்றரை ரூபாய் வீதம் கணக்குப் போட்டதில் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் அச்சப்பம் வந்தது. அத்தனையும் யார் வாங்கினார்கள் என்று தணிக்கைக்காரர் கேட்டால்? சபையில் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். குடும்பத்துக்கு இருபத்து மூன்று வீதமும், மிச்சம் இருபத்து நாலு போதகர் வீட்டிலுமாக வாங்கித் தின்றதாக ஒரு பட்டியல் தயாராயிற்று. கையெழுத்துக்கு அங்கே ஒப்பு என்று பெயர். வீடு வீடாக ஒப்பு வாங்கப் போனார்கள். எனக்குச் சுகர் உண்டு, பதினொண்ணு மதி, அதுவே போதும் என்று ஞானதாசனே தன் பெயருக்கு நேரே திருத்தினார். மிச்சம் பன்னிரண்டைச் சிலுவைதாசன் ஏற்றுக்கொண்டார். தின்னாத அச்சப்பத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயமே நிலவியது. மொறுமொறுப்பாக இருந்தது என்று இரண்டு பேர் வழியில் கண்டு சொன்னார்கள். எள் கொஞ்சம் தூக்கல் என்றாள் ஒருத்தி.

எல்லா ஒப்பும் விழுந்தது. சுட்டவளுடைய ஒப்பு மட்டும் பாக்கி.

போடாவிட்டால் முதல் ஞாயிறு கொடுக்கும் திருவிருந்து அவளுக்கு நிறுத்தப்படும் என்று போதகர் வருத்தத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். பதினைந்து வயதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அவள் தவறியதில்லை. அந்த வரிசையில் மண்டியிட்டுக் கை நீட்டியிருக்கும்போது, நீ யார் வீட்டுக்காரி, புருஷன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கையைப் பார்த்து அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவளுடைய ஒரு மாதம் அந்தக் கை நீட்டலிலிருந்துதான் தொடங்கும்.

அன்றைக்கு ஜான்ரோஸ் திரையில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஏட்டி, ஒப்பப் போட்டுத் தொல. அஞ்சு நொடிக் காரியம். இருநூறு வீட்டுக்காரனும் பொய் சொல்லியாச்சு, ஒனக்கு மட்டும் என்னா?"

"அவிய தின்னோம்ணு சொல்லுகாவ. நான் சுட்டேன்ணு சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் என்று சொல்லத்தான் வரவில்லை. இரண்டு பொம்மைகளும் கொஞ்ச நேரம் கடற்கரையில் நடந்தன. அவனுடையது பேசிக்கொண்டே வந்தது.

முதல் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்தார்கள். மேசை மேல் பதிவேடு விரித்திருந்தது. நூலில் கட்டிய பேனா அதன் மேல் கிடந்தது. ஞானதாசன், சத்தியபாய், சிலுவைதாசன், போதகர் எல்லோரும் நின்றார்கள். சுவருக்கு அப்பால் பாடகர் குழு தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

ஞானதாசன் அன்பாகவே பேசினார். கோபுரத்தின் கீழ் பதிக்கும் சலவைக்கல்லில் ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்தவர்கள் பெயர் வரும். ஜான்ரோஸ் குடும்பம் என்று போட இருந்ததை மாற்றி, சகோதரி குளோரி என்றே பொறிக்கலாம். அடுத்த வருஷத்து அச்சப்பக் கடைக்கு அவளே தலைவி. சத்தியபாய்க்கு இதில் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் சபை நன்மைக்காகப் பொறுத்துக்கொண்டார். சிலுவைதாசன் பக்கத்தில் வந்து, அந்த மங்கல் மஞ்சளையும் மற்ற மஞ்சளையும் எப்படிப் பிரிப்பது என்று பிறகு சொல்லித்தர வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு ஒப்புதானே சகோதரி," என்றார் போதகர்.

குளோரி குனிந்து பார்த்தாள். ஞானதாசனுடைய கையெழுத்து அழகான கையெழுத்து. 'திருமதி குளோரி, அச்சப்பம், எண்ணிக்கை 4900.' காகிதம் பழையது. ஓரம் வாட்டம் பட்ட பருப்பின் நிறம், நடுவில் தந்த வெள்ளை. புதிதாக ஒட்டிய தாள் பால் வெள்ளை. ஒரே பக்கத்தில் மூன்று வெள்ளை. இந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் பெண் ஆள் பதினேழாக இருந்தபோதும் தெரிந்ததுதான். அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டியும் வரவில்லை. ஒரே ஒரு தடவை மைக்கில் கேட்டார்கள், சொன்னாள். இப்போது அது அச்சப்பம் என்கிறார்கள்.

பேனாவை எடுத்தாள். நால்வரும் மூச்சு விட்டார்கள்.

அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டாள். 'இதர' என்று அச்சடித்திருந்த பத்தியின் மேல் அதை நேராக வைத்தாள்.

"எனக்கு அச்சப்பம் சுட வராது பாஸ்டர்," என்றாள்.